விட்டுவைத்த நூல்

பட்டிப்பொல ஸ்டேசனில் நிற்கிற ரயில், தண்டவாளமே இல்லாத வலப்பனைக்கு இறங்கி வந்து, சந்தையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிற நாளில்தான் தான் தறியில் உட்காரப் போவதாக மொட்டைப்பாறைத் தோட்டத்து வீரய்யா, 1954ஆம் வருஷம் ஆடி மாதம், விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். அதே மாதம் அதே தோட்டத்தில், நெய்த துணிகள் வளரத் தொடங்கியிருந்தன. இரண்டு செய்திகளில் முதலாவதைத்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். துணி வளர்வது பல வீடுகளில் நடந்தது. சபதம் ஒரு வீட்டில்தான் நடந்தது.

வீரய்யா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி வயசேறி மேலே போய்விட்டால் அதை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுகிற வேலை அது. எல்லாவற்றையும் தறித்தாலும் ஒரேயொரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சு விடுவதற்காக. தான் வெட்டிய செடி ஒன்றுகூடச் செத்ததில்லை என்றும், தன் கத்திச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து மலைச் செடிகள் தாமாகவே துளிர்த்ததுண்டு என்றும், சீமையிலிருந்து புதிதாக வந்த பெரிய துரை தன் வெட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார் என்றும் வீரய்யா சொல்லுவார். துரை தொப்பியைக் கழற்றியது உண்மைதான். உள்ளே ஒரு அட்டை புகுந்து அவர் மண்டையில் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதையும் வீரய்யாதான் பிடுங்கிப் போட்டார் என்பதால் அந்த மரியாதையில் அவருக்குப் பங்கில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

சபதத்துக்குக் காரணம் அவருடைய மனைவி நாகலெட்சுமி. நோர்வூட் கடைவீதிக்குப் பின்னால், அரிசி போன பிறகும் எலிகள் போகாத ஒரு பழைய ஸ்டோரில், அந்த ஆடியில் கைப்பணிப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மழைக்காலம் முழுவதும் நெசவு வகுப்பு, தை பிறந்ததும் முடிவு என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொழுந்து குறைந்த நாட்களின் பின்னேரங்களிலும் தோட்டத்துப் பெண்கள் போனார்கள். நாகலெட்சுமியும் போனாள். மறுநாள் பெரட்டில், வீரய்யாவோடு கவ்வாத்து வெட்டுகிற இராமையா, “வீரய்யண்ணே, மதினி தறியில குந்திட்டாங்களாமே. ஒங்களுக்கும் ஒரு பலகை போடச் சொல்லியிருக்காங்களாம், குளுருக்கு மெத்தையும் வச்சு” என்றார். அதற்குத்தான் ரயிலும் வெற்றிலையும் பதிலாக வந்தன. “கவ்வாத்துக் கத்தி புடிச்ச கைய்யா இது. நூல் புடிக்கிற கை வேற, அது பூ கட்டப் பொறந்தது” என்று வீரய்யா முடித்தார். கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லிக்கொடுக்க வலப்பனையிலிருந்து குசுமா டீச்சர் வந்தார். சின்ன வயசு, மெலிந்த உடம்பு. ஸ்டோருக்குள்ளேயும் குடையை விரித்தபடி நின்றுதான் பாடம் நடத்துவார். கூரை அப்படி. சிங்களத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். நடுவில் சொல் அகப்படாவிட்டால் கையால் காட்டுவார். கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கையால் காட்டினால் போதும். தறியில் நெடுக்கே ஓடுகிற பாவு நூலில் ஒன்று அறுந்தால் கண் போவதற்கு முன்னால் விரல் போய் நின்றது. நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எறிவதை, கூடைக்குள் கொழுந்தை எறிகிற மாதிரியே செய்தார்கள். இரண்டாம் வாரமே துண்டுகள் இறங்கின. ஆனால் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். துண்டை முடித்து இறக்கும்போது கடைசி நூல்களை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்ட வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மூலையில் ஒரு நூலை மட்டும் முடியாமல், வெட்டாமல் விட்டார்கள்.

குசுமா டீச்சர் முதலில் கையால் காட்டினார். பிறகு சொன்னார். “அக்கே, முடிச்சி போடுங்க. பொறகு வெட்டுங்க. ஏன் இந்த ஒரு நூல் மிச்சம்?”

“அது கெடக்கட்டும் டீச்சர்” என்றாள் ராக்காயி. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாகலெட்சுமியின் அடுத்த காம்பராக்காரி அவள். வகுப்பில் பக்கத்துத் தறி.

“ஏன் கெடக்கணும்?”

“எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் எப்புடி வரும்?”

“என்ன வரும்?”

ராக்காயி அந்த மூலை நூலை விரலில் சுற்றிப் பார்த்தாள். “என்ன வருமுனு தெரியல டீச்சர். ஆனா வராதில்ல.”

கொழுந்து பறிக்கும்போது கிளையில் ஒரு இலையை விட்டுப் பறிக்க வேண்டும். அதை விட்டால்தான் அடுத்த வாரம் துளிர் வரும். விடாமல் பறித்தவளைக் கங்காணி ஏசுவார், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அரைப் பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டுவார். தாய் மகளுக்கும் மகள் தன் மகளுக்கும் பாலோடு கொடுத்த பழக்கம் இது. மூன்று தலைமுறை விரலுக்கு ஒரு மழைக்காலத்தில் மறுபடியும் பாடம் சொல்ல முடியாது என்று குசுமா டீச்சர் கண்டுகொண்டார். பரீட்சைக்காரர்கள் வந்தால் அந்த மூலையைத் தன் பக்கம் மடித்துப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

ராக்காயியின் துண்டுதான் முதலில் வளர்ந்தது. லயத்துக் கொடியில் காயப்போட்டது காயாமல் மழையில் கிடந்து, ஒரு வாரத்தில் சாண் நீண்டிருந்தது. அளந்ததில் பிழை என்று அவள் நினைத்தாள். அடுத்த வாரம் அது தரையைத் தொட்டது. ஒரு கோழி அதன் மேல் அடைக்கு உட்கார்ந்தது. பிறகு மற்றவர்களுடைய துணிகளும் வளர்ந்தன. மழை அதிகமென்றால் அதிகம், வெயில் அடித்தால் நின்றுவிடும். ஓரத்தில் விட்டுவைத்த நூலிலிருந்து மெல்லிய இளநூல்கள் துளிர்த்து, தாமாகவே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். கிள்ளாமல் விட்டால் முற்றிப்போய், மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கு மாதிரி சொரசொரத்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பெண்கள் துணியை விரித்து, தேயிலைச் செடியின் மேல் வைக்கிற மட்டக்கம்பையே அதன் மேலும் வைத்து, கம்புக்கு மேலே நின்றதைக் கிள்ளினார்கள். கிள்ளினதைத் தலையணைக்குள் அடைத்தார்கள். அந்த வருஷம் மொட்டைப்பாறையில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அதிசயம் என்று யாரும் கூட்டம் போடவில்லை. நாற்பத்தெட்டாம் வருஷம் ஒரு காலை எழுந்து பார்த்தபோது, இதே மலையில் பிறந்து இதே மலையில் பல் விழுந்தவர்களெல்லாம் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று சட்டம் ஆகியிருந்தது. அதைப் பார்த்த கண்ணுக்கு ஒரு துண்டு வளர்வது பெரிதல்ல. தோட்டத்துக் கொடியில் வளர்கிற துணி தோட்டத்துக்குச் சொந்தமா என்று துரை கொழும்புக்குக் கேட்டு அனுப்பினார். கொடி யாருடையது என்று கொழும்பு திருப்பிக் கேட்டது. கொடி நாகலெட்சுமியுடைய பழைய சேலைக் கரை என்று தெரிந்ததும் விஷயம் அத்தோடு நின்றது. கவலைப்பட்டவர் நோர்வூட் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தி முதலாளி ஒருவர்தான். “வாங்கின துணி கிழியணும். கிழிஞ்சாத்தான் கடை. இது என்ன நாயம்?” என்று அவர் கல்லாவிலிருந்தபடியே கேட்டார். பிறகு தன் மனைவிக்கு ஒரு துண்டை இரகசியமாக வாங்கிப் போனார்.

வீரய்யா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “துணி வளரல. மனுசங்க சுருங்குறாங்க. கவ்வாத்து மலையில உசரத்துல நின்னு பாக்குறவனுக்குத்தான் அது தெரியும்” என்று அவர் விளக்கினார். அவர் தலைப்பாகை நாகலெட்சுமி நெய்தது. அது மழை நாட்களில் முதுகு வழியே இறங்கி இடுப்பைத் தொட்டது. சனிக்கிழமைதோறும் அவர் அதைக் கவ்வாத்துக் கத்தியால் மட்டமாகத் தறித்தார். கேட்டவர்களிடம் கத்திக்குக் கூர் பார்த்ததாகச் சொன்னார். தறிக்கும்போது மூலையில் ஒரு நூலை விட்டுவைத்தார். 

தை பிறந்ததும் வகுப்பு முடிந்தது. ஸ்டோரில் உரம் அடுக்க வேண்டியிருந்ததால் தறிகளை அகற்றச் சொன்னார்கள். மற்றவை எங்கோ போயின. ஒன்றை மட்டும் குசுமா டீச்சர், கால் ஆடுகிறது, கணக்கில் காட்ட முடியாது என்று சொல்லி நாகலெட்சுமிக்கு விட்டுவிட்டார். ஆடாத காலை அவரே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ராக்காயி கண்டாள். நோர்வூட்டிலிருந்து மொட்டைப்பாறை வரைக்கும் செங்குத்துப் பாதையில் தறியைச் சுமந்து வந்தது வீரய்யா. பாதை அப்படிப்பட்டது, வேறு யாராலும் முடியாது, தறிக்கும் தனக்கும் சம்பந்தம் கிடையாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் இடம் போதாததால் தன் கட்டிலை வெட்டிச் சின்னதாக்கி இடம் பண்ணினார். பிறகு பல வருஷம் கால் மடக்கித் தூங்கினார்.

வருஷங்கள் போயின. நாகலெட்சுமி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விளக்கு வைக்கிற வரைக்கும் நெய்தாள். ஒரே மகள் பூரணி தறிக்குக் கீழே விளையாடி, தறிக்குப் பக்கத்தில் சமைந்து, அறுபதாம் வருஷம் கணேசமூர்த்தி முதலாளியின் கடையில் துணி அளந்துகொண்டிருந்த முத்துலிங்கத்தைக் கட்டிக்கொண்டாள். முத்துலிங்கம் இந்தியாவிலிருந்து வந்தவன், விசாவில் இருந்தான். அறுபத்துமூன்றாம் வருஷம் விசாவை நீட்டிக் கொடுக்கவில்லை. அவன் துறையூர்ப் பக்கம் போக வேண்டும், பூரணியும் கூடப் போக வேண்டும் என்று ஆயிற்று.

அப்போது தறியில் ஒரு நீளமான போர்வைத் துணி பாதியில் நின்றது. புறப்படுகிற நாள் காலையில் நாகலெட்சுமி அதை நடுவில் வெட்டினாள். வெட்டின இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நூலை விட்டுவைத்தாள். ஒரு பாதியை மடித்து மகள் பெட்டியில் வைத்தாள், மறு பாதி தறியிலேயே இருந்தது. அட்டன் ஸ்டேசனில் வீரய்யா மருமகனிடம், இந்த ரயில் பாதை முழுக்க எங்கள் ஆட்கள் சல்லி உடைத்துப் போட்டது, அதனால் வண்டி குலுங்காமல் போகும், பயப்பட வேண்டாம் என்று, கப்பல் ஏறுகிற தலைமன்னார் வரைக்கும் பாதையை விவரித்தார். பூரணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “அப்பா, குளுருல வெறும் மேலோட நிக்காதீங்க” என்றாள். வீரய்யா எஞ்சின் புகையின் கரி கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிக்கொண்டார். எஞ்சின் இன்னும் பூட்டப்படவில்லை.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தறியில் இருந்த துணியின் ஓரத்தில் விட்டுவைத்திருந்த நூல் தானாக வெடுக்கென்று இழுபட்டது. மீன் தூண்டிலைத் தொட்ட மாதிரி. நாகலெட்சுமி பார்த்தாள். “பூரணி கிள்ளுறா” என்றாள். உலை கொதித்ததால் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. இங்கிருந்து நூலை இழுத்துப் பார்த்தால் அது அசையாது. அங்கிருந்து இங்கேதான் இழுபடும். இங்கிருந்து அங்கே என்ன போகிறது என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது. கணேசமூர்த்தி முதலாளி துறையூர்ப் பக்கத்துத் தன் ஊர்க் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர், கடையைக்கூடத் திறக்காமல் மொட்டைப்பாறைக்கு ஏறி வந்து, மூச்சு வாங்க இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார்.

“ஒம் மகளப் பாத்தேன் லெச்சுமி. நீ இங்க எம்புட்டு நெய்யிறியோ அம்புட்டு அங்க வளருது. அந்தப் புள்ள அதக் கிள்ளித் துணியாக்கி வச்சுக்குது. அம்மா நல்லாருக்கு, எந்திரிச்சு உக்காந்திருக்குனு தெருவுக்கே சொல்லுது. நடுவுல ஒரு வாரம் வளரலயாம். ரெண்டு நாளு சோறு திங்கல.”

“ராமையா மக கல்யாணத்துக்குக் கண்டி போனோம்” என்றாள் நாகலெட்சுமி.

“அதுக்கு எப்புடித் தெரியும்? போகையில சொல்லிட்டுப் போ” என்ற முதலாளி, எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தார். வீரய்யா, துறையூர்ப் பக்கம் காற்று வறண்டது, அங்கே மனுசர்கள் இன்னும் வேகமாகச் சுருங்குவார்கள் என்றார். அன்றிலிருந்து நாகலெட்சுமி ஒரு வாரமும் விடவில்லை. வீரய்யா, கண்டியில் யாருடைய கல்யாணமென்றாலும் தனக்குக் கால் வலி என்று சொல்லிவிட்டார்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி. பூரணிக்கு ஏழாம் மாசம் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். தொடர்ந்து பெய்த மழையில் நாகலெட்சுமி நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். கொழுந்து சிந்தவில்லை, வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் மாக்கட்டுப் போட்டு, தை வரைக்கும் கையை அசைக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். தறி நின்றது.

முதல் வெள்ளிக்கிழமை நூல் இழுபடவில்லை. கிள்ளுவதற்கு அங்கே ஒன்றும் வளர்ந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை, நாள் கிழமை இல்லாமல், நூல் இழுபட்டது. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை, விட்டு விட்டு. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்து மறுபடியும் தட்டுகிறவர்கள் மாதிரி. நாகலெட்சுமி இடது கையால் தறியைத் தொட்டுப் பார்த்தாள். நாடா கீழே விழுந்தது. ராக்காயி வந்து, “தள்ளு, நா நெய்யிறேன். ஒரு சாண் போனாப் போதும், புள்ளத்தாச்சி சோறு திம்பா” என்று உட்கார்ந்து வேகவேகமாக நெய்தாள். காலையில் பார்த்தபோது அவள் நெய்தது அத்தனையும் பிரிந்து, மரியாதையாக நாடாவில் திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. ராக்காயி கோபிக்கவில்லை. “எங்க வீட்டுத் துணியும் அப்புடித்தான், அடுத்தவ கைக்கு நிக்காது” என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் போனாள்.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருந்தார். நாகலெட்சுமி அவரிடம் கேட்கவில்லை. பெரட்டுக் களத்தில் சபதம் போட்ட மனுசனைத் தறியில் உட்காரச் சொல்வது, முருகனைப் பார்த்து வேலைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு அம்மியில் மிளகாய் அரைக்கச் சொல்வது மாதிரி என்று அவள் நினைத்திருக்கலாம். வீரய்யாவும் அந்த வாரம் முழுக்க வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். தான் ஒரு தடவை தறித்த செடி கோபித்துக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய் நின்ற கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னார். சொல்லும்போதே நூல் இழுபட்டது. கதை அத்தோடு நின்றது.

அடுத்த வியாழக்கிழமை நூல் மெதுவாக, பலமில்லாமல், ஒரேயொரு தடவை இழுபட்டது. அதன் பிறகு இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வீரய்யா மலைக்குப் போனார். கொஞ்ச நேரம் எல்லோரையும்போல வெட்டினார். பிறகு ஒரு செடிக்கு முன்னால் குனிந்தபடியே நின்றுவிட்டார். மூச்சுக்கு விட வேண்டிய கிளையையும் சேர்த்து வெட்டியிருந்தார். அவர் கையால் அப்படி நடந்ததில்லை. செடி மொட்டையாக, மழை ஒழுக, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்டின கிளையை எடுத்து வெட்டின இடத்திலேயே வைத்துப் பார்த்தார். விழுந்தது. கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, கண்டாக்கையாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

“வயித்துவலியா அண்ணே?” என்றார் இராமையா. “வயிறு கீழல்ல இருக்கு. நீங்க மேல புடிச்சிக்கிட்டுப் போறீங்க.”

“எனக்கு எல்லாம் உசரத்துலதான்” என்று வீரய்யா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அவர் பெருமையடித்துக்கொண்டதில் கடைசி அதுதான் என்று பிற்பாடு கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள்.

லயத்துக்கு வந்து, மழைக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளியை இஸ்தோப்பின் குறுக்கே கட்டித் தொங்கவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் கம்பளி காய்கிற மாதிரி இருக்கும், மழையில் காயப்போடுகிறவர்கள் உண்டென்றால். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தறியில் உட்கார்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அதன் பக்கத்தில் கால் மடக்கிப் படுத்திருந்தவருக்கு எந்தக் கட்டை எங்கே என்று தெரியும். ஆனால் தறி அவரைப் புதிய மாடு பார்க்கிற மாதிரி பார்த்தது. மிதியை மிதித்தார், நாடாவை எறிந்தார். அது சுவரில் போய் அடித்தது. எடுத்து வந்து மறுபடியும் எறிந்தார்.

உள்ளே நாகலெட்சுமி விழித்துக்கொண்டாள். “ஏங்க, வெளிய என்ன சத்தம்?”

வீரய்யா நாடாவை மடிக்குள் மறைத்துக்கொண்டார். “எலி.”

“எலி ரெண்டு காலையும் ஒண்ணா மிதிக்குது. மாத்தி மிதிக்கச் சொல்லுங்க.”

மிதி ஒரு தடவை மாறி மிதிபட்டது. “சொல்றேன்.”

“நூலப் புடிச்சு வெடுக்குனு இழுக்க வேணாமுனும் சொல்லுங்க. செடியா அது, வேரோட வர்றதுக்கு?”

“எலிக்குத் தெரியும். நீ படு.”

அவள் படுத்தாள். மாக்கட்டுக்குள் அவள் விரல்கள் மட்டும், வெளியே நாடா போய் வருகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அசைந்தன. மத்தியானத்துக்குள் கையகலத் துணி இறங்கியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் ஒரு இடத்தில் நூல் தொங்கி, இறங்கிப் போகிற பாதை மாதிரி வளைந்து கிடந்தது. தன் இனத்தில் இவ்வளவு கேவலமான துணியை யாரும் நெய்திருக்க முடியாது என்று வீரய்யாவுக்குத் தோன்றியது. அது பிரிந்துவிடுமோ என்று அவர் இரண்டு கையையும் அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரியவில்லை.

பின்னேரம் மழை விட்டது. பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரம், ஓரத்து நூல் அசைந்தது. முதலில் மிக மெதுவாக, தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு அந்தப் பக்கம் யாரோ கோணலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, யார் கை என்று கண்டுகொண்ட அளவுக்கு ஒரு இடைவெளி. பிறகு வெடுக், வெடுக், வெடுக்கென்று நூல் ஆடியது. சிரிக்கிறவர்களுடைய தோள் அப்படி ஆடும்.

“என்னங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டது.

வீரய்யா தலைப்பாகையால் முகத்தைத் துடைத்தார். “கிள்ளிட்டா” என்றார்.

துணி வளர்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். தன் பங்குக்கு ஒரு விளக்கமும் அவர் சேர்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை குசுமா டீச்சர், கை முறிந்த செய்தி கேட்டு, வலப்பனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். இப்போது அவருக்குக் கல்யாணமாகிக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. குடை அதே குடை. நாகலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, விலைவாசியைச் சொல்லிவிட்டு, அதே குரலில், போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வலப்பனைச் சந்தைக்கு ரயில் வந்ததாகச் சொன்னார். தான் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்ததாகவும், வண்டி மேலேயிருந்து மூடுபனியோடு இறங்கிக் கடைகளுக்கு நடுவால் பார்த்துப் பார்த்து வந்து நின்றதாகவும், கார்டு இறங்கி வெற்றிலைக்காரியிடம் விலை குறைக்கச் சொல்லி, அவள் குறைக்காமல், சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு ஏறியதாகவும் சொன்னார். ஒரு பூசணிக்காய் மட்டும் நசுங்கியதாம். அதற்குக் கார்டு மன்னிப்புக் கேட்டாராம். அன்று பட்டிப்பொலையில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் தாமதத்துக்குக் காரணம் பனி என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

இஸ்தோப்பின் வாசலில் குந்தியிருந்த இராமையா இதையெல்லாம் கேட்டார். பதினோரு வருஷமாக அவர் இந்த ஒரு நாளுக்காகவே எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். கட்டித் தொங்கிய கம்பளியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் தடக், தடக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எலிக் கதை ராக்காயி வழியாக அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டார்.

“அண்ணே” என்றார் கடைசியில். “எலி இப்ப பரவால்லண்ணே. கால மாத்தி மிதிக்குது.”

கம்பளிக்குப் பின்னால் நூல் ஒன்று அறுந்து தறி நின்றது. மலைகளுக்குள்ளே தன் சொல்லுக்காக ஒரு ரயிலே தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்தது என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த மனுசனுக்கும் வாய்க்காது. வீரய்யா அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. புரட்டாசியில் துறையூரில் பிறக்கப் போகிற பிள்ளைக்கு, அங்கே வளர்ந்து முதல் சட்டையாகப் போகிற அந்தக் கோணல் துணியை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த ஒரு நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டவைத்தார். பிறகு நாடாவை அந்தப் பக்கம் எறிந்தார்.